எண்பது ஆடுகளுக்கு வக்காலத்து

கோர்ட்டில் பேசிப் பிழைப்பவர்கள் வக்கீல்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் பாதி நாள் நாங்கள் ‘அடுத்த வாய்தா எப்போ?’ என்று கேட்டே பிழைக்கிறோம். நீங்கள் காலை பத்தரை மணியிலிருந்து கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நின்றிருக்கிறீர்களா? மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, பேர் கூப்பிடும் அந்த ஒரு நிமிஷத்தில் மட்டும் டீ குடிக்கப் போயிருந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

சங்கரன்கோவிலில் ஒன்பது வருஷம் நான் அரசுத் தரப்பு வக்கீலாக இருந்தேன். போலீஸ் போடும் குற்ற வழக்குகளை அரசாங்கத்துக்காக நடத்தி, குற்றவாளிக்குத் தண்டனை வாங்கிக் கொடுக்கிற வேலை. திடீரென்று தூரத்து மாவட்டம் ஒன்றுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஊரை விட மனசில்லாமல் வேலையை விட்டுவிட்டேன். கறுப்புக் கோட்டு அதேதான், காம்பவுண்டும் அதேதான். முன்பு இடது பக்கக் கட்டடத்துக்குள் நுழைவேன், இப்போது வலது பக்கம், சிவில் கோர்ட்டுக்குள் நுழைந்தேன். அதுவும் வழக்குப் போட்டவர்கள் பக்கம் இல்லை, போடப்பட்டவர்கள் பக்கம், பிரதிவாதிக்கு வக்கீல். குற்றம் சாட்டியே பழகிய வாய்க்கு, குற்றச்சாட்டைத் தாங்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு வழக்கு.

வந்த முதல் ஆள்

போர்டு மாட்டிய இரண்டாம் நாள் ஒருவர் வந்து நின்றார். பெயர் மாடசாமி, கரிவலம்வந்தநல்லூர் பக்கத்துக் கிராமம், ஐம்பது வயது இருக்கும். சொந்தமாக எண்பது செம்மறி ஆடுகள். கையில் கோர்ட் சம்மன். அதே ஊர் பெரிய விவசாயி வேலுச்சாமி அண்ணாச்சி அவர் மேல் வழக்குப் போட்டிருந்தார். அண்ணாச்சியின் வயல் ஓரமாக ஒரு வண்டித்தடம் குளத்துக்குப் போகிறது. ஆடுகள் தினமும் அதில்தான் தண்ணீருக்குப் போகும். ‘இது என் பட்டா நிலம், மாடசாமி போன மாதம்தான் புதிதாக அத்துமீறி நுழைந்தான், இனி ஒருபோதும் நுழையக் கூடாது’ என்று அண்ணாச்சி கேட்டிருந்தார். தடம் அவர் பட்டாவில் இருப்பது உண்மை. நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. தடம் அடைபட்டால் குளத்துக்கு வேறு வழி, பஸ் லாரி ஓடும் ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேர நடை. கோடையில் ஆடு தாங்காது. வழி போனால் மந்தையை விற்றுவிட்டுச் சங்கரன்கோவிலுக்குத் தறி வேலைக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முகத்தைப் பார்க்காமல் இருந்தும் எங்கேயோ பார்த்த முகம் என்று உறுத்தியது. கேட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்புச் சண்டை வழக்கில் இதே மாடசாமிக்கு எதிராக நின்று, கோர்ட் கலையும் வரை தண்டனையும் அபராதமும் வாங்கிக் கொடுத்தவள் நான்தானாம். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஊரில் இத்தனை வக்கீல்கள் இருக்க என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: “அன்னைக்கு நீங்க பேசுனதக் கேட்டு, நான்தான் அடிச்சிருக்கேன்னு எனக்கே நம்பிக்கை வந்துட்டும்மா. அந்த வாயி இந்தத் தடவ நம்ம பக்கம் இருக்கட்டும்னுதான் வந்தேன்.”

பதிலுரை எழுதிய லட்சணம்

வழக்குக்குப் பதிலுரை எழுத வேண்டும். என் குமாஸ்தா கோமதிநாயகம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முப்பது வருஷமாக வக்கீல் ஆபீஸ்களில் இருப்பவர், எத்தனையோ சிவில் வழக்குகளைக் கரைத்துக் குடித்தவர். நான் மாடசாமியை எதிரில் நிற்க வைத்து ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குத் தடத்தில் நுழைந்தாய், கூட யார் இருந்தது, கையில் என்ன ஆயுதம், பார்த்த சாட்சி யார். ஆட்டுக்குக் குழை இழுத்துப் போடுகிற தொரட்டிக் கம்பு என்றார். அதன் நீளம் எவ்வளவு என்றேன். ஒன்பது வருஷப் பழக்கம், நிறுத்த முடியவில்லை. மாடசாமி கையைக் கட்டிக்கொண்டார். வியர்த்தது. அரை மணி நேரத்தில், போன மாதம்தான் நுழைந்தேன் என்றுகூடச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்.

கோமதிநாயகம் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை அவரிடம் நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “அம்மா, இவரு நம்ம ஆளு. வாக்குமூலம் போதும், ஆள விட்டிருங்க, பதிலுரை எழுதுவோம்.”

முதல் வாதம்

வழக்கு முடியும் வரை தடத்தை அடைத்து வைக்க இடைக்கால உத்தரவு வேண்டும் என்று அண்ணாச்சி தரப்பு கேட்டது. அவர் வக்கீல் மைதீன் சார், கடையநல்லூர்க்காரர், நாற்பது வருஷ சிவில் அனுபவம். குரலை உயர்த்தாமல், பட்டாவை நீட்டி, பத்தே நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன். முக்கால் மணி நேரம் கோர்ட் கூரை அதிரப் பேசினேன். எனக்கே மெய்சிலிர்த்தது. அந்த வேகத்தில், பழக்க தோஷத்தில், ‘ஆகவே வேலுச்சாமிக்குச் சட்டப்படி அதிகபட்சத் தண்டனை வழங்க வேண்டுகிறேன்’ என்று முடித்தேன்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். உத்தரவு அண்ணாச்சி பக்கம் போயிற்று. வழக்கு முடியும் வரை தடம் மூடல். நான் கேஸ் கட்டைச் சுருட்டிக்கொண்டு தலை குனிந்து வெளியே வந்தபோது மைதீன் சார் கூடவே நடந்து வந்து சொன்னார்: “மேடம், நாங்க கேட்டது ஒரு தடை உத்தரவுதான். தூக்குத் தண்டனைக்கெல்லாம் என் கட்சிக்காரர் ரெடியா வரல.”

ரோட்டு வழி

சிரித்தது அந்த ஒரு நாள்தான். தடத்தின் வாயில் அண்ணாச்சி கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார். மாடசாமியும் அவர் மனைவி பேச்சியம்மாளும் மந்தையை ரோடு சுற்றி ஓட்டத் தொடங்கினார்கள். நான் ஒருமுறை கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். முன்னால் அவர், பின்னால் அந்த அம்மா, நடுவில் ஆடுகள் தார் ரோட்டின் ஓரத்தில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு. பஸ் ஹாரன் அடித்ததும் பாதி மந்தை ரோட்டின் குறுக்கே ஓடியது. டிரைவர் பிரேக் போட்டு, வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்தத் திட்டு எனக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாய்தாவுக்கு வந்த மாடசாமி வழக்கம்போல வராந்தாத் தூணை ஒட்டி நின்றார். லாரி ஒன்றில் இரண்டு ஆடுகள் அடிபட்டுவிட்டன என்றார். என் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். சாட்சி விசாரணை எப்போது என்று கேட்கவில்லை, ஜெயிப்போமா என்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது இதுதான்: “ரெண்டு போச்சும்மா. மிச்சம் எழுவத்தெட்டு இருக்கு. அதுக்குள்ள கேஸு முடிஞ்சிருமா?”

கமிஷனர் வந்த நாள்

இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராகப் போட்டது. அவர் சர்வேயரோடு வந்து, டேப்பைப் பிடித்து அளந்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நானும் மாடசாமியும். மறுபக்கம் மைதீன் சாரும் அண்ணாச்சியும். அண்ணாச்சி வெள்ளை வேட்டி, நிமிர்ந்த முதுகு, நிலத்தின் ஒவ்வொரு வரப்பையும் பேர் சொல்லி அறிமுகப்படுத்துகிற மனிதர். அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மாள் மந்தையை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார். தடத்தின் வாயில் நின்ற மாடசாமியைப் பார்த்ததுதான் தாமதம், முன்னால் போன கிடா திரும்பியது. பின்னாலேயே மொத்த மந்தையும் திரும்பியது. பேச்சியம்மாள் கம்பைக் குறுக்கே நீட்டிப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. கமிஷனர் டேப்போடு வரப்பில் ஏறிக்கொண்டார். எல்லா ஆடுகளும் முள் அடைப்பு வரை போய், தாண்ட முடியாமல், குளத்தைப் பார்த்துக் கத்தின.

‘மாடசாமி கோர்ட் உத்தரவை மீறிட்டான், எழுதுங்க கமிஷனர் சார்’ என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். ஆனால் சத்தம் போட்டுக்கொண்டே அவர் குனிந்து, முள்ளில் காது மாட்டிக்கொண்ட ஒரு குட்டியைக் கீறல் படாமல் விடுவித்து இறக்கிவிட்டார். நான் அதைப் பார்த்தேன். அவர் கவனிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது. மாடசாமியோ பதறாமல் கமிஷனரிடம் போய்ப் பணிவாகச் சொன்னார்: “நான் உள்ள கால் வைக்கல சார். ஆட்டுக்குக் கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் எதுவும் போகல, அதான் அதுக வந்துட்டு.”

கேட்காமல் விட்ட கேள்வி

ஆடுகள் பழக்கத்தில் தடத்துக்குத் திரும்பியது அறிக்கையில் பதிவானாலும் நமக்குப் பெரிய லாபமில்லை. தண்ணீர் இருக்கும் பக்கம் ஆடு திரும்பத்தான் செய்யும் என்று மைதீன் சார் ஒரு வரியில் தள்ளிவிடுவார். சட்டத்துக்கு வேண்டியது வேறு. இருபது வருஷத்துக்கு மேலாக, எல்லார் கண்ணுக்கும் தெரிய, யாரிடமும் அனுமதி கேட்காமல், இது என் வழி என்று போய்வந்திருக்க வேண்டும். அதற்கு ஊரில் சாட்சி சொல்ல ஆள் இல்லை. அண்ணாச்சியின் டிராக்டர் வராமல் அங்கே யார் வயலும் உழவு காணாது. திரும்பி வரும் பஸ்ஸில், ஆபீஸில் ஒரு கையெழுத்துப் போடக் கூடவே வந்த மாடசாமியிடம் இதையெல்லாம் புலம்பிவிட்டு, அந்தக் குட்டி விஷயம் மனசில் கிடந்ததால், உங்கள் மேல் அவருக்கு அப்படி என்ன கோபம் என்று சும்மா கேட்டு வைத்தேன்.

மாடசாமி சொன்னார். கோடையில் அறுப்பு முடிந்ததும் ஆட்டு மந்தையை ராத்திரி ராத்திரி ஒவ்வொரு வயலிலும் அடைத்துப் போடுவார்கள், அதுதான் கிடை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ஊரில் முதல் கிடை விழுவது ஒரு கௌரவம். மாடசாமியின் அப்பா காலத்திலிருந்தே முதல் கிடை அண்ணாச்சி வயலில்தான். வழக்கு வந்த வருஷம் மட்டும் அண்ணாச்சி வயலில் பருத்தி எடுத்து முடியவில்லை. மாடசாமி மந்தையை அண்ணாச்சியின் பங்காளி வயலில் முதலில் கிடை போட்டுவிட்டார். அடுத்த மாதம் வழக்கு வந்தது. எனக்கு பஸ் சீட்டிலேயே எழுந்து நிற்கலாம் போலிருந்தது. குற்ற வழக்கு என்றால், இவன் ஏன் செய்தான் என்றுதானே முதலில் தேடுவோம்? ஒன்பது வருஷம் அதையே தேடியவள், ஒன்றரை வருஷமாக இந்த வழக்கில் அதைத் தேடவே இல்லை. ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டேன். அதற்கு அவர்: “நான் அங்கன போனேனா, எப்பம் போனேன்னுதானம்மா துருவித் துருவிக் கேட்டிய. அவரு ஏன் கோவப்பட்டாருன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

கூண்டில் அண்ணாச்சி

குறுக்கு விசாரணை நாள். அண்ணாச்சி கூண்டில் ஏறி, மடிப்பு கலையாத வேட்டியோடு நின்றார். நான் தடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்கள் வயலுக்குக் கடையில் வாங்கும் மூட்டை உரம்தானே போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. ஒரு மூட்டை கூடத் தன் வயலில் விழுந்ததில்லை என்றார். மற்றவர்கள் மாதிரி நீங்களும் உர உப்பைப் போட்டுத்தான் விளைய வைக்கிறீர்கள் என்று சொல்கிறேன், சரிதானே என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கிடை மண் அது, ஊர்லயே முதல் கிடை எனக்குத்தான் விழும், எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான் என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். யாருடைய ஆடு என்றேன். மாடசாமி ஆடு, அதுக்கு முன்னால அவன் அப்பன் ஆடு என்றார். கிடைக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் வருமா என்றேன். கிடை கோடையில்தான், தண்ணிக்குத் தினமும் போகுமே, அந்த வரப்போரப் புல்லே ஆட்டுப் புழுக்கையில வளந்ததுதான் என்றார். எந்த வழியாக? தடத்து வழியாகத்தான். போன மாதம்தான் புதிதாக நுழைந்தான் என்று அவரே கையெழுத்துப் போட்ட வழக்கு, அவர் வாயாலேயே மூன்று தலைமுறைக்குப் பின்னால் போய்விட்டது. நீதிபதி சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அம்மாள் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஏன் பொய் வழக்குப் போட்டீர் என்று கர்ஜிக்க என் நாக்கு துடித்தது. அரசுத் தரப்பில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன், அவரும் சுதாரித்துக்கொண்டு நான் இரக்கப்பட்டு அனுமதித்தேன் என்றிருப்பார், வழக்கு கோவிந்தா. கடைசி வரிசையில் கோமதிநாயகம் இரண்டு கையையும் கீழே அழுத்திக் காட்டினார். உட்கார்ந்துவிட்டேன். அந்த ஓட்டை மைதீன் சாருக்குத் தெரியாதா? அவர் சட்டென்று எழுந்து, நீங்க அனுமதி குடுத்துத்தானே ஆடு போச்சு என்று கேட்டார். சாட்சிக்குப் பதிலை எடுத்துக் கொடுக்கிற கேள்வி. ஆட்சேபணை என்று நான் எழுவதற்குள் அண்ணாச்சி, தன் சொந்த வக்கீல் மேலேயே எரிச்சலோடு, பதில் சொல்லிவிட்டார்: “ஆடு தண்ணி குடிக்கப் போறதுக்கு எவன் சார் அனுமதி குடுக்க முடியும்? அத மறிச்சா பாவம்லா.”

சொன்ன பிறகுதான், முள் வெட்டிப் போட்டது யார் என்று அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும். கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். என் ஆட்சேபணையை நான் மரியாதையாக வாபஸ் வாங்கிக்கொண்டேன். மைதீன் சார் கேஸ் கட்டை மூடியபடி என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார்: “இவரு உங்க சாட்சின்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிருக்கலாம்லா மேடம்.”

தீர்ப்பு

மாசிக் கடைசியில் தீர்ப்பு. வழக்கு தள்ளுபடி, இடைக்கால உத்தரவும் அதோடு காலி. ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பேரை உள்ளே அனுப்பியிருக்கிறேன், ஒரு நாளும் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்காமல் போனதில்லை. அன்று கோட்டோடு வராந்தாவுக்கு ஓடினேன். மாடசாமியிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். பேச்சியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இனி ஆடு ரோட்டுக்கு வராது இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வராது என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்து வழக்குக்காரர்கள், நம்மைப் போல நின்று நின்று கால் வீங்கியவர்கள், என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் அண்ணாச்சி வெளியே வந்தார். என் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு அப்பீல் உண்டு, அப்பீல் என்றால் மறுபடி தடை, மறுபடி ரோடு. மைதீன் சார் அதைத்தான் அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி அவரை அப்படியே விட்டுவிட்டு நேரே மாடசாமி முன்னால் வந்து நின்றார். இரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றது அதுதான் முதல் தடவை. முகத்தைப் பார்க்காமல், வராந்தாத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “ஏலே மாடா, அப்பீலுக்குப் போக எனக்கு ஒரு மாசம் டைம் இருக்காம். பருத்தி எடுத்தாச்சு. அதுக்குள்ள என் வயல்ல மொதக் கிடைய போடுதியா, இல்லையா?”

இரண்டு வருஷம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசித் திறந்து வைத்த தடத்தில் முதன்முதலாகப் போன மந்தை, குளத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நேரே எதிர்த்தரப்பு அண்ணாச்சி வயலுக்கு உரம் போடத்தான் போயிற்று என்பதால், அந்த வழக்கில் நான் யாருக்கு வக்கீல் என்பதில் எனக்கே இன்றுவரை கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.